ஊமைக் கட்டை

ராஜபாய் தலை சீவியிருந்தாள். ஞானையனுக்கு முதல் சந்தேகம் அதிலிருந்துதான் முளைத்தது.

நாலு மாதமாகச் சீப்பைத் தொடாத பெண் அவள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். எழுப்பினால் எழுந்து அடுப்பு மூட்டுவாள். உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று அரிசி போட மறந்துபோவாள். என்ன கேட்டாலும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே பதில். அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை மத்தியானம் தலை சீவி, துவைத்த சேலை கட்டி, “குளத்துக்குப் போயிட்டு வாறேன்” என்று இறங்கிப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். அழுக்குத் துணி கொண்டு போகவுமில்லை, ஈரத் துணி கொண்டு வரவுமில்லை. முகம் மட்டும் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. சனிக்கிழமையும் அதே நேரம், அதே குளம்.

பெண்டாட்டி தேறி வருகிறாளே என்று சந்தோஷப்படுகிறவன் நல்ல புருஷன். ஞானையன் அப்போது நல்ல புருஷனாக இல்லை. அது 1954ஆம் வருஷத்து டிசம்பர் மாதம். பாறசாலைப் பக்கத்தில் ஒருவன் இரண்டு தரம் இருமினால், எதற்கு இருமினான் என்று மூன்று பேர் உட்கார்ந்து யோசித்த காலம்.

தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டத்தில் ஞானையன் தலைவனுமல்ல, பேச்சாளனுமல்ல. ஜங்ஷனில் வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைக்காரன். ஆனால் அந்த நாளில் ஏழு சைக்கிள் வைத்திருந்தவனைச் சின்ன ஆள் என்று சொல்லிவிட முடியாது. நோட்டீஸ் கட்டுகள் கொல்லயிலுக்கும் குன்னத்துகாலுக்கும் அதற்கப்பாலும் அவனுடைய சக்கரங்களில்தான் போய்ச் சேர்ந்தன.

ஆகஸ்டில் மார்த்தாண்டத்துத் துப்பாக்கிச் சூட்டின் செய்தி வந்ததும் இங்கேயும் கடையடைப்பு என்று முடிவானது. பஸ் ஓடக் கூடாது என்பதற்காக, விடியும் நேரத்தில் ஞானையனும் அவன் கூட்டாளி ஈசாக்கும் ஓர் ஆஞ்சிலி மரத்தை ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு ஞானையன் வீட்டுக்கு வந்து ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கினான். ஊர்வலத்தில் பாட்டு இருந்தால்தான் ஆள் சேரும் என்பது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

பெட்டி அவனுடையதல்ல. ராஜபாயின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. சபையின் பாட்டுக்குழுவுக்கு அவள் வாசித்ததும் அதில்தான், ஐந்து வயது மகள் கிருபாவுக்குக் கஞ்சி புகட்டத் தானாகவே ஒரு மெட்டுக் கட்டி வாசித்ததும் அதில்தான். அன்றைக்குக் குழந்தைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல்.

“இன்னைக்குக் கொண்டு போகாதீங்க. பாட்டு கேட்டாத்தான் பிள்ளை ஒரு வாய் கஞ்சி குடிக்குது” என்றாள் ராஜபாய்.

“உச்சைக்கு முன்ன வந்திருவேன்” என்றான் ஞானையன்.

மத்தியானம் ஆவதற்கு முன்னால் போலீஸ்தான் வந்தது. தடியடியில் ஊர்வலம் சிதறியது. பெட்டியைத் தூக்கி ஜீப்பில் எறிந்தார்கள். ஞானையன் கிழக்கே மலையோரமாக ஓடி ஒளிந்தான். வீட்டில் குழந்தைக்கு வலிப்புக் கண்டது. பஸ் இல்லை, ஏழு சைக்கிளில் ஒன்றுகூடக் கடையில் இல்லை. ராஜபாய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டில் கிடந்த ஆஞ்சிலியை ஏறித் தாண்டி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அமரவிளைப் பாலத்துக்கு அப்பால் அவள் நடக்க வேண்டியிருக்கவில்லை.

மகளின் அடக்கத்துக்கு ஞானையன் இல்லை. நாற்பது நாள் கழித்து, ஜாமீன் எடுத்து வீட்டுக்கு வந்தான். அவள் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். மரத்தை வெட்டியது யார் என்று கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஆகவே அவனுடைய சந்தேகம் காரணமில்லாமல் வந்த சந்தேகமல்ல. தன்னைக் காட்டிக்கொடுக்க இவளைவிட நியாயமுள்ளவர் இந்த பூமியில் யாருமில்லை என்று அவனுக்கே தெரியும். ராத்திரியும் பகலும் அவனைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

காட்டிக்கொடுப்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே மாதத்தில் மூன்று அடி விழுந்தது. குன்னத்துகாலில் மரச்சீனிக் கிழங்கு விளையில் புதைத்த நோட்டீஸ் கட்டை நேராக வந்து தோண்டி எடுத்தார்கள். இன்னொரு கூட்டாளி யோசுவாவின் பறங்கிமாவுத் தோப்பில், முந்திரி மரங்களுக்கு நடுவே கூடிய இருபது பேரைச் சுற்றி வளைத்தார்கள். ஒரு வியாழக்கிழமை ஈசாக் போகிற வழியிலேயே காத்திருந்து, அவன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அலசியது ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்து வளாகத்தில், வாகை மரத்தடியில். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள் தொடங்கியதும் ஆண்கள் ஒவ்வொருவராக நழுவி மரத்தடிக்கு வருவது அந்தச் சபையில் பழைய வழக்கம். உள்ளே சபை உபதேசியார், நன்றியும் வேண்டுதலும் எழுதிக் காணிக்கையோடு போட்ட ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளை வாசித்துக்கொண்டிருப்பார். சுகப் பிரசவத்துக்காக இன்னார், காணாமல்போன பசு திரும்பியதற்காக இன்னார் என்று அது பாட்டுக்கு நீளும். பெண்களுக்கும் கிழவர்களுக்கும் உள்ள சமாசாரம் அது. போலீஸ்காரன் எலியாவும் அந்தச் சபைக்காரன்தான். ஆனால் அவன் ஒரு நாளும் மரத்தடிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் கண்ணை மூடிப் பக்தியாக உட்கார்ந்திருப்பான். அதனால் மரத்தடி பத்திரமான இடம் என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

“அண்ணே, வெளியாளுக்கு இதொண்ணும் தெரிய வழியில்ல” என்றான் ஈசாக். இருபத்தைந்து வயதுக்காரன், ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரும் செல்லபாயின் ஒரே மகன். “வீட்டுக்குள்ள இருந்துதான் போகுது. எனக்க அம்மைக்கு ஜெபத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. யோசுவாண்ணனுக்கு ஒரு தங்கச்சி மட்டும், அது வெளிய இறங்காது. பிறகு ஆரு? நீங்களே சொல்லுங்க.”

ஞானையன் அடுத்த புதன்கிழமை கடையை அடைத்துவிட்டு மனைவியின் பின்னால் போனான்.

அவள் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தாள். கொல்லயில் போகும் செம்மண் பாதையில் இறங்கி, வயலைத் தாண்டி, ஒரு ஓட்டு வீட்டுப் படியேறினாள். அந்த வீட்டுக் கொடியில் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மலையாளத்துக்காரரான ஏட்டு, அதாவது ஹெட் கான்ஸ்டபிள், மனைவியோடு வாடகைக்கு இருந்த வீடு அது. ஊர்வலத்தில் தடியைத் தூக்கியவர்களுக்கு முன்னால் நின்றவர் அவர்.

வயலுக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னை மறைவில் ஞானையன் நின்றான். போய்க் கதவைத் தட்டலாம், தலைமயிரைப் பிடித்து இழுத்து வரலாம் என்றெல்லாம் தோன்றியது. ஆனால் கால் நகரவில்லை. அவளைக் கேட்க அவனிடம் ஒரு கேள்வி இருந்தால், அவனைக் கேட்க அவளிடம் இரண்டு இருந்தன.

கேட்கப் பயந்தவன் வேவு பார்க்கத் தொடங்கினான். சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, சும்மா சொல்வதுபோல, “வாற வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோசுவாவுக்க வீட்டுல கூட்டம் உண்டு. மதராசில இருந்து ஆளு வருது. நான் வரப் பிந்தும்” என்றான். கூட்டமும் இல்லை, மதராஸ் ஆளும் இல்லை. ராஜபாய் “உம்” என்றாள். மத்தியானம் தலை சீவிக்கொண்டு போனாள்.

இந்தப் பொறியை அன்று சாயங்காலமே ஈசாக்குக்கு மட்டும் சொன்னான். ஈசாக் கெட்டிக்காரன், பொறி என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை யோசுவா வீட்டில் மதராஸ் ஆள் வரும் பெரிய கூட்டம் என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லி வைத்தான்.

புதன்கிழமை ஞானையன் மறுபடி பின்னால் போனான். மறுபடி அதே படி, அதே காக்கிச் சட்டை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இரண்டு ஜீப் யோசுவாவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. போலீஸார் நெல் பத்தாயத்துக்குள் எல்லாம் மதராஸ் ஆளைத் தேடினார்கள். எதிரே வாழைத் தோட்டத்தில் ஒளிந்திருந்த ஈசாக், ஞானையனின் தோளைத் தொட்டான்.

“அண்ணே, நாளைக்கே அண்ணியை அவியளுக்க அப்பா வீட்டுல கொண்டு விட்டிருங்க. வெளிய தெரிஞ்சா எனக்கு ஆளுகளைப் பிடிச்சு நிறுத்த ஒக்காது” என்றான். அதில் மரியாதையும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

சனிக்கிழமை ராஜபாய் இறங்கிப் போனதும் ஞானையன் அவளுடைய துணிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினான். அடியில் கிருபாவின் சின்னச் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை எடுக்கவா வைக்கவா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பெட்டியைத் திறந்தபடியே போட்டுவிட்டு எழுந்து நடந்தான். இந்தத் தடவை தென்னையில் நிற்கவில்லை. வயலைத் தாண்டி, வீட்டின் பின்பக்கம் வரைக்கும் போனான்.

அடுக்களைப் படியில் ஏட்டின் மனைவி விலாசினி மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. வாயில் விரல் வைத்து, “மிண்டாதிரி. அவள் வாயிச்சோட்டே” என்றாள். பேசாமல் இரு, அவள் வாசிக்கட்டும் என்று பொருள். அப்புறம் அவன் அங்கே இல்லாதது போலக் கிழங்கைத் தொடர்ந்தாள்.

உள்ளே ஆர்மோனியம் கேட்டது. ஞானையன் அந்த மெட்டை அடுத்த அறையிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறான். கிருபாவின் கஞ்சிப் பாட்டு. வரிக்கு ஒரு கரண்டி என்று கணக்கு. மெட்டு மேலே ஏறி, ஓர் இடத்தில் சட்டென்று காற்று மட்டும் உஸ்ஸென்று போனது. கட்டை பேசவில்லை. அந்த இடத்தில் ராஜபாயின் குரல் வந்து நின்றது. ஒரே ஒரு சுரம். காய்ந்து, கரகரத்து, ஆனாலும் சரியான இடத்தில். மறுபடி கட்டைகள், மறுபடி அந்த வெற்றிடம், மறுபடி அவள் குரல்.

சன்னல் வழியாகப் பார்த்தான். மூலையில் அதே பெட்டி. பிடியில் நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்த அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வழக்குச் சாமான். ஸ்டேஷன் கூரை ஒழுகியதால் ஏட்டு தம் பொறுப்பில் வீட்டில் வைத்திருந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திடுக்கிடவில்லை. எழுந்து பின்வாசலுக்கு வந்தாள்.

“நீயா சொன்னே?” என்றான் ஞானையன். நாலு மாதத்தில் அவன் அவளைக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

“நான் ஒண்ணும் சொல்லல்ல” என்றாள். கொஞ்சம் நின்று, “ஆனா சொல்லத்தான் வந்தேன்” என்றாள்.

விலாசினி கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

“முதல் நாள் இந்தப் படி ஏறினது உங்களைப் பிடிச்சுக் குடுக்கத்தான். மரம் வெட்டினது ஆரு, நோட்டீசு எங்க போகுது, எல்லாம் மனசுல அடுக்கி வச்சிருந்தேன். ஏட்டு இல்ல. ஏட்டுக்க வீட்டுக்காரி இருக்கச் சொன்னாவ. மூலையில பெட்டி இருந்துது. கொண்டு போகக் கூடாது, வேணும்னா வாசிச்சுக்கோன்னு சொன்னாவ. ஜீப்புல எறிஞ்சதுல ஒரு கட்டை செத்துப் போச்சு. அங்க வந்ததும் பாட்டு நிக்குது. நிக்க விட எனக்கு மனசில்ல, அதனால வாயால சொன்னேன். நாலு மாசம் கழிஞ்சு எனக்க சத்தத்தை நானே அன்னைக்குத்தான் கேட்டேன். ஏட்டு வந்து என்ன வேணும்னு கேட்டாரு. ஒண்ணும் வேண்டாம், புதனும் சனியும் வந்து வாசிச்சுட்டுப் போகட்டான்னு கேட்டேன்.”

ஞானையன் நம்பினானா என்றால், இல்லை. வெள்ளிக்கிழமை வந்த இரண்டு ஜீப் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

“மூணு தடவை எனக்க பின்னால வந்தீங்க. தென்னைக்குப் பின்னால நின்னதையும் கண்டேன்” என்றாள் ராஜபாய். குரல் உயரவில்லை. “பிள்ளையைத் தூக்கிட்டு அமரவிளைக்கு நடக்கும்போ நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். அன்னைக்குப் பின்னால ஆரும் வரல்ல.”

“மரத்தை வெட்டினது நானாக்கும்” என்றான் ஞானையன்.

“அறிவேன்.”

அவள் உள்ளே போய்ப் பெட்டிமுன் உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் போயிருக்கலாம். திறந்த தகரப் பெட்டி வீட்டில் காத்திருந்தது. போகவில்லை. இவளே சொல்லியிருந்தாலும் சரி, இவளோடுதான் இருக்கப்போகிறேன் என்று அவனுக்குள் ஏதோ தீர்மானமானது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்வலத்தை அடித்துக் கலைத்த மனிதரின் வீட்டுக்குள் நுழைந்து, மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

மெட்டு ஏறியது. செத்த கட்டையில் அவள் விரல் விழுந்தது. காற்று உஸ்ஸென்றது. இந்தத் தடவை அவள் பாடவில்லை, விரலை எடுக்கவுமில்லை. துருத்தி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று ஞானையனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆலயத்தில்கூட வாயை மட்டும் அசைக்கிறவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைச் சொன்னான். அரைச் சுரம் கீழே விழுந்தது. அவள் விரல் நகரவில்லை. மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை சரியாக நின்றது. அவள் அடுத்த கட்டைக்குப் போனாள்.

பாட்டு முடியும்போது ராஜபாய் அழுதுகொண்டிருந்தாள். மகளை மண்ணில் வைத்த அன்றுகூட அவள் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இப்போது பெட்டிமேல் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, சத்தமாக அழுதாள். அவனும் அழுதான். விலாசினி இரண்டு தம்ளரில் கட்டன் சாயா கொண்டு வைத்துவிட்டுப் போனாள்.

இருவரும் சேர்ந்து படியிறங்கி வந்ததை வயலில் நின்ற ஒருவன் பார்த்தான். சாயங்காலத்துக்குள் ஈசாக்குக்குச் செய்தி போய்விட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஏட்டின் வீட்டில் சாயா குடித்துவிட்டு வந்தார்கள் என்றால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிறு காலை ராஜபாய் கடைப் பென்சிலைக் கேட்டு வாங்கி, துண்டுத் தாளில் ஏதோ எழுதினாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் ஆலயத்துக்குப் புறப்பட்டது அன்றுதான். எழுதியதை அவள் மடித்து, காணிக்கை உறையில் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டியதை ஞானையன் ஓரக்கண்ணால் பார்த்தான். சந்தேகம் ஒரே நாளில் விட்டுப் போகிற வியாதியா? முதல் நாள் ஏட்டின் வீட்டுக்கு எதற்குப் போனேன் என்று சபைமுன் அறிக்கையிடப்போகிறாளோ என்று அவன் பயந்தான். ஈசாக் காதில் அது விழுந்தால் போதும், பிறகு இந்த ஊரில் அவளால் குடியிருக்க முடியாது.

பிரசங்கம் முடிந்தது. ஆண்கள் எழுந்து வெளியேறினார்கள். ஞானையனை ஒருவரும் கண்ணால்கூடக் கூப்பிடவில்லை. மரத்தடியில் இன்று அவனைப் பற்றித்தான் பேச்சு. எனவே வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அறிவிப்புகளுக்கு உட்கார்ந்தான். அவன் நழுவிவிடாமல் பார்க்க ஈசாக் வாசலில் சாய்ந்து நின்றான்.

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் சீட்டை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை போலீஸார் யோசுவா வீட்டுக்கு வந்தபோது மகன் ஈசாக் அகப்படாமல் காக்கப்பட்டதற்காகவும், வருகிற செவ்வாய்க்கிழமை அவன் குன்னத்துகால் வழியாகக் கொண்டுபோகும் கட்டு பத்திரமாய்ச் சேருவதற்காகவும், செல்லபாய்.”

கடைசி பெஞ்சில் எலியாவின் உதடு மெல்ல அசைந்தது. ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்திருக்கலாம். ‘செவ்வாய், குன்னத்துகால்’ என்று மனப்பாடம் பண்ணுகிறான் என்பது இப்போது ஞானையனுக்குத் தெரிந்தது.

“உத்தியோகத்தில் மேலதிகாரிகளின் நற்சான்று கிடைத்ததற்காக, எலியா குடும்பத்தார்.”

ஞானையன் வாசலைப் பார்த்தான். ஈசாக்கின் முகம் வெந்த கத்தரிக்காய்போல் சுருங்கியிருந்தது. மரச்சீனி விளை, பறங்கிமாவுத் தோப்பு, வியாழக்கிழமை, மதராஸ் ஆள், எல்லாம் அவன் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். ஒரு மாதமாக மரத்தடியில் நின்று ஒற்றனைத் தேடினார்கள். அவனுக்கு வேண்டியதை அவர்களுடைய வீட்டுப் பெண்களின் நன்றியிலிருந்து எடுத்து, உபதேசியார் மணியான உச்சரிப்பில் ஞாயிறுதோறும் வாசித்துக் கொடுத்திருக்கிறார். முன்வரிசையில் செல்லபாய் கண்ணீர் மல்க ஆமென் சொன்னாள்.

ஞானையனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லயில் பாதையில் மூன்று தடவை ஒளிந்து ஒளிந்து நடந்த நடை ஒவ்வொரு அடியாக நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அதற்குள் உபதேசியார் அடுத்த சீட்டைப் பிரித்துவிட்டார். ஒருமுறை தமக்குள் வாசித்து, புருவத்தைத் தூக்கி, பிறகு சத்தமாக வாசித்தார்.

“கணவர் ஞானையன் வீடு வந்து சேர்ந்ததற்காக, ராஜபாய்.”

“அவன் செப்டம்பர்லயே வந்தாச்சே, இப்ப என்னத்துக்குக் காணிக்கை?” என்று செல்லபாய் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது ஆண்கள் பக்கம் வரை கேட்டது.

ஞானையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பெண்கள் பக்கத்தில் ராஜபாய் நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.